வில்லுக்கு ஒரு காடு தேடி

சனி, லிங்கன், நெப்ராஸ்கா

லான்சிங்கில் இருட்டோடு கிளம்பி, சிகாகோ நெரிசலில் நின்று ஊர்ந்து, ஐயோவாவின் சோளக்கொல்லைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்து, லிங்கனில் ஒரு மோட்டலில் படுத்திருக்கிறோம். வண்டி ஓட்டியது பெரும்பாலும் மச்சான். ஆஸ்டினிலிருந்து விமானம் ஏறி வந்தவர். வேட்டையில் அவருக்குத் துளியும் ஆர்வம் கிடையாது. மலை காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன்.

இது வேட்டைப் பயணம் இல்லை. எங்கே வேட்டைக்குப் போவது என்று பார்த்து வரும் பயணம். மிச்சிகனில் வெள்ளைவால் மானுக்காக மரத்தடியில் உட்கார்ந்தே பல அக்டோபர்கள் போய்விட்டன. அடுத்த வருடம் மேற்கே போய் வர வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. எந்த மாநிலம், எந்த விலங்கு என்பதுதான் பாக்கி. படம் பார்த்தும் புள்ளிவிவரம் படித்தும் முடிவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

காரணம் என் வில். 60 அங்குல ரிகர்வ், முனைகள் வெளிப்பக்கம் வளைந்த மரபு வில். என் இழுப்புக்கு 47 பவுண்டு. கப்பி கிடையாது, குறி பார்க்கும் ஊசி கிடையாது. விரலுக்குத் தோலுறை, போர்ட் ஆர்ஃபோர்ட் செடார் மரத்தில் அம்பு, வான்கோழி இறகு, இரண்டு விளிம்புள்ள எஃகு முனை, அவ்வளவுதான். கப்பி வைத்த காம்பவுண்ட் வில் 1969இல் காப்புரிமை பெற்றது. இன்று இந்த நாட்டில் வில் வேட்டை என்றாலே பெரும்பாலும் அதுதான். நல்ல காம்பவுண்டுக்காரர் 50 கெஜத்திலும் தைரியமாக விடுவார். என் எல்லை 20 கெஜம். என் அம்பு நொடிக்கு சுமார் 170 அடி போகிறது. 20 கெஜத்தைக் கடக்க அதற்கு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நாண் சத்தம் கேட்ட மான் குனிந்து திரும்ப அது தாராளம்.

அதனால் எந்த மாநிலத்தில் விலங்கு அதிகம், எங்கே கொம்பு பெரிசு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். எங்கே அது 20 கெஜத்துக்குள் வரும்?

“வரலைன்னா?” என்றார் மச்சான்.

“பாத்துட்டு வர வேண்டியதுதான்.”

“அதுக்கு ஆயிரம் மைலுக்கு மேல ஓட்டணுமா மாப்ள?”

ஞாயிறு, லாரமி, வயோமிங்

நெப்ராஸ்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாட் ஆற்றை ஒட்டியே சாலை. மான் உண்டு, நல்ல மான்தான். ஆனால் வயலோரத்து வெள்ளைவால் என் வீட்டுப் பக்கமே இருக்கிறது.

வழியில் மச்சான் ஒரு யோசனை சொன்னார். “எங்க டெக்சஸுக்கு வாங்களேன். லைசன்ஸ் வாங்கினா போதும், குலுக்கல் கிலுக்கல் ஒண்ணும் கிடையாது. நம்ம ஊர் புள்ளிமானே இருக்கு.” உண்மைதான். 1930களில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் டெக்சஸ் குன்றுப் பகுதியில் பெருகிக் கிடக்கிறது. தெற்கே நீலகாய்கூட உண்டு. வெளிநாட்டு விலங்கு என்பதால் சீசன் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் டெக்சஸில் ஏறக்குறைய எல்லா நிலமும் தனியார் கையில். பண்ணைக்காரருக்குப் பணம் கட்டி, அவர் வைத்த தீனித் தொட்டிக்கு எதிரே உட்கார வேண்டும். தப்பு என்று சொல்லவில்லை. கிண்டிப் பூங்காவின் வேலி வழியாகப் பார்த்து வளர்ந்த விலங்கை டெக்சஸில் போய் எய்ய எனக்குக் கை வராது. அது என் சொந்தக் கோளாறு.

மற்ற மாநிலங்களையும் வண்டியிலேயே கழித்துக்கொண்டு வந்தோம். நியூ மெக்சிகோவில் எல்க் என்ற பெரிய மானுக்கு வெளியாருக்கான பங்கு மிகக் குறைவு. வழிகாட்டி இல்லாமல் போகிற வெளிமாநிலத்தவருக்கு, டேக் என்கிற வேட்டை அனுமதிச் சீட்டு நூற்றில் ஆறுதான். மொன்டானாவில் வில் உரிமத்துக்கு வில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதை எடுத்துவிடலாம், ஆனால் தூரம். ஐடஹோவில் முன்பு வரிசையில் நின்றால் டேக் கிடைக்கும். 2026 முதல் அங்கேயும் வெளியாருக்குக் குலுக்கல்.

அலாஸ்காவைத்தான் மனசு விடமாட்டேன் என்றது. யூகான் ஆற்றுக்கு வடக்கே டால்டன் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஐந்து மைலுக்குப் பெரிய விலங்கு வேட்டைக்குத் துப்பாக்கி கூடாது, வில் மட்டும்தான். கரிபூ மானுக்கு வெளிமாநிலத்தவர் வழிகாட்டி வைக்க வேண்டியதும் இல்லை. கேட்கும்போது எங்களுக்காகவே போட்ட சட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அது மரமே இல்லாத வெட்டவெளி. துப்பாக்கியைத் தடுத்த சட்டம் கரிபூவை என் பக்கம் கூட்டி வந்து நிறுத்தாது. அங்கே போய் வந்தவர்கள் 50, 60 கெஜக் கதைகளைத்தான் சொல்கிறார்கள்.

மதியம் ஒரு வழிகாட்டி நிறுவனத்துக்கு போன் போட்டேன். எல்லாம் சுமுகமாகப் போனது, ரிகர்வ் என்று சொல்லும்வரை. “எவ்வளவு தூரம் எய்வீர்கள்?” 20 கெஜம். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒளிந்து உட்கார அவர்கள் போட்ட மேடைகளெல்லாம் தண்ணீரிலிருந்து 35 கெஜம் தள்ளி இருக்கின்றனவாம். நகர்த்த முடியுமா என்றேன். பார்க்கலாம் என்றார்கள். ஏழெட்டாயிரம் டாலர் கேட்கிற இடத்தில் ‘பார்க்கலாம்’ போதாது. ரிகர்வோ லாங்போ என்கிற நெடுவில்லோ வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், விலையைக் கேட்கும் முன் மேடை எங்கே இருக்கிறது, தரையில் உட்கார விடுவார்களா, போன வருடம் மரபு வில்லோடு யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

லாரமி 7,200 அடி உயரம். இரண்டு பேருக்கும் தலை வலிக்கிறது. மச்சான் புளியோதரையைத் திறந்துவிட்டார்.

திங்கள், ராலின்ஸ்

இன்று பார்த்தது நிலம் இல்லை, நிலப் பத்திரம்.

80ஆம் நெடுஞ்சாலையில் லாரமியைத் தாண்டினால் இடது பக்கம் எல்க் மவுன்டன் தனியாக எழுந்து நிற்கும். அழகான மலை. போனில் வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சதுரங்கக் கட்டம். 1862இல் ரயில் பாதை போடுவதற்காக அரசு நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று ரயில் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். 1864இல் அந்தப் பட்டையைப் பாதையின் இரு பக்கமும் 20 மைலுக்கு அகலப்படுத்தினார்கள். ரயில்காரரிடமிருந்து அந்தச் சதுரங்கள் பண்ணைகளுக்குக் கைமாறின. இடையிலுள்ள பொதுச் சதுரங்கள் இன்றும் பொதுமக்களுடையவை. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூலை வழியாகத்தான் தாண்ட முடியும். கால் வைக்கிற இடம் பொது நிலம், தோள் போகிற காற்று யாருடையது?

2021இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் இதே மலையில் எஃகு ஏணி ஒன்றைச் செய்து கொண்டுவந்து, மூலைக்கு மேலாக ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணில் அவர்கள் கால் படவே இல்லை. அத்துமீறல் என்று கிரிமினல் வழக்குப் போட்டார்கள், ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் சிவில் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டாரத்துக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. வயோமிங், கொலராடோ உட்பட ஆறு மாநிலங்களில் அந்தத் தீர்ப்பு செல்லும். மேற்கு முழுக்க இப்படி மூலையில் மாட்டிக்கொண்ட பொது நிலம் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்று வரைபட நிறுவனமான ஆன்எக்ஸ் 2022இல் கணக்கிட்டது.

மச்சான் வண்டியை ஓரம் கட்டி அந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்ம ஊர்ல வரப்புத் தகராறுன்னா அருவாளோட முடிஞ்சிரும். இங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கான்.”

வயோமிங்கின் இன்னொரு சட்டம்தான் என்னை நிஜமாகவே தடுக்கிறது. மத்திய அரசு ‘வனாந்தரம்’ என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கை வேட்டையாட வேண்டுமானால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி வாங்கிய உள்ளூர்வாசி ஒருவரோ கூட இருக்க வேண்டும். அதே காட்டில் நான் தனியாக நடக்கலாம், மீன் பிடிக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம். வில்லோடு எல்க் பின்னால் மட்டும் போகக் கூடாது. பாதுகாப்புக்காக என்பார்கள். வழிகாட்டித் தொழிலின் பாதுகாப்பு என்று நான் படித்துக்கொள்கிறேன். நல்ல எல்க் காடுகளில் ஒரு பெரும் பங்கு இதனாலேயே எனக்குக் கதவடைப்பு.

இருந்தாலும் குலுக்கலில் முன்னுரிமை தரும் எல்க் பாயின்ட் ஒன்றை இங்கிருந்தே போனில் வாங்கிவிட்டேன், 52 டாலர். ஜூலை முதல் அக்டோபர் வரை விற்பார்கள். என்றைக்காவது பயன்படும்.

செவ்வாய், ரெட் டெசர்ட்

மான் மாதிரியான ப்ராங்ஹார்னுக்காக வந்தோம். முதல் முறை மேற்கே போகிறவனுக்கு எல்லோரும் சொல்கிற விலங்கு இதுதான். வயோமிங்கில் வில் சீசன் ஆகஸ்ட் 15இல் தொடங்கும். பெட்டை அல்லது குட்டிக்கான டேக் வெளியாருக்கு 34 டாலர், கிடாவுக்கு 326. நிலம் திறந்து கிடக்கிறது. ஒரு நாளில் பார்க்கிற எண்ணிக்கையை மிச்சிகனில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தாலும் பார்க்க முடியாது.

சதுரங்கப் பட்டையைத் தாண்டி வடக்கே, மண் பாதையில் கிரேட் டிவைட் பேசின் உள்ளே போனோம். அங்கே பெய்கிற மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை, தேங்கும், ஆவியாகும். தண்ணீர் அருமையான இடத்தில் தண்ணீரோரம்தான் வேட்டை. மாடுகளுக்காக வைத்த ஒரு தொட்டி. ஏராளமான குளம்புத் தடம். விடிவதற்குள் மடக்குக் கூடாரத்தை விரித்து உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் வில், ஆனால் அம்பில் முனை இல்லை.

உட்கார்ந்தபடி நாணை இழுத்துப் பார்த்தேன். வில்லின் மேல் முனை கூரைத் துணியில் உரசியது. வில்லைச் சாய்த்தேன், கீழ் முனை தொடையில் இடித்தது. ஸ்டூலை எடுத்துவிட்டு முழங்காலில் நின்றேன். ஜன்னலின் விளிம்பு அம்பின் வழியை மறைத்தது. கடைசியில் ஒரே ஒரு கோணம் கிடைத்தது, தொட்டியின் இடது ஓரத்துக்கு மட்டும். 66 அங்குல லாங்போ வைத்திருப்பவர் கூடாரம் வாங்கும் முன் அதற்குள் உட்கார்ந்து இழுத்துப் பார்த்துவிட வேண்டும். குட்டையான காம்பவுண்டை மனதில் வைத்துத் தைத்தவை இவை.

ப்ராங்ஹார்ன் வந்தன. மணிக்கு 55 மைல் ஓடக்கூடிய விலங்கு, ஆனால் வேலியைத் தாண்டாமல் கீழே குனிந்து நுழைந்து வரும். பெட்டைகளும் குட்டிகளும் 70 கெஜத்தில் நின்று, நேற்று இல்லாத இந்தக் கறுப்புப் பெட்டி என்ன என்று முறைத்தன. ஒரு பெட்டை செருமியது, எல்லாம் ஓடின. வெயில் ஏறிய பிறகு ஒற்றைக் கிடா ஒன்று தொட்டியின் மறுகரையில் நிதானமாகத் தண்ணீர் குடித்தது. 35 கெஜம் இருக்கும். காம்பவுண்டுக்காரர் அதற்குள் தோலுரிக்க ஆரம்பித்திருப்பார்.

கூடாரத்தைப் பல நாள் முன்னாலேயே வைத்துப் பழக்கினால் அவை கிட்டே வரும், தெரியும். ஆகஸ்ட் வறட்சியில் இன்னும் கிட்டே வரும். வாய்ப்புக் கணக்குப் போட்டால் இதுதான் சரியான தேர்வு. ஆனால் விடியலிலிருந்து மாலை வரை வேகும் துணிப் பெட்டிக்குள், ஒரே கோணத்துக்கு, தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதா? மச்சானிடம் சொன்னேன்.

“முயலா யானையான்னு கேக்குறீங்க. முயலுக்கு நிச்சயம் உண்டு, யானைக்கு இல்ல. அதானே?”

வேட்டை பிடிக்காதவருக்கும் அந்தக் கேள்வி புரிந்துவிடுகிறது. தமிழ் வாத்தியார் மகன்.

புதன், மீக்கர், கொலராடோ

க்ரெஸ்டன் ஜங்ஷனில் தெற்கே திரும்பி பேக்ஸ், க்ரெய்க் வழியாக இறங்கினோம். க்ரெய்க் ஊர் தன்னை உலகின் எல்க் வேட்டைத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. ஜூலையில் டயர் கடையும் பர்கரும்தான் கண்ணில் பட்டன.

கொலராடோவில் இன்று மூன்று லட்சத்தை ஒட்டி எல்க் இருக்கின்றன. வேறெந்த மாநிலத்திலும் அத்தனை இல்லை. 1900களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கி, பிறகு வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கியவை. 2024 வரை வெளிமாநில வில்லாளி கடையில் நுழைந்து டேக் வாங்கிக்கொண்டு போகலாம். 2025 முதல் மேற்குப் பகுதியில் அது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும், எங்களுக்குக் குலுக்கல். எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. வண்டி நிறுத்த இடமில்லாத காட்டில் 20 கெஜத்துக்கு யாரை எதிர்பார்ப்பது?

டேக் எண்ணூறு டாலருக்கு மேல். விண்ணப்பிக்கவே முதலில் ஒரு தகுதி உரிமம் வாங்க வேண்டும். அதோடு ஊருக்குத் திரும்புகிற கணக்கும் உண்டு. மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோயை முதலில் கவனித்தது இதே மாநிலத்தில், 1967இல், ஃபோர்ட் காலின்ஸில். அதனால் மிச்சிகன் எல்லைக்குள் முழு உடலைக் கொண்டுபோக முடியாது. எலும்பு நீக்கிய இறைச்சி, முதுகெலும்போ தலையோ ஒட்டாத துண்டுகள், சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு, தோல் போன்றவைதான் போகும். கத்தி வேலை முழுக்க இங்கேயே.

வியாழன், ட்ராப்பர்ஸ் ஏரி

ஃப்ளாட் டாப்ஸ் வனாந்தரம், 1975இல் அறிவித்தது, 235,000 ஏக்கர். அதன் வாசலில் இந்த ஏரி. 1919இல் வனத்துறை ஓர் இளைஞரை இங்கே அனுப்பியது: ஏரியைச் சுற்றிக் கோடை வீடுகளுக்கு மனை பிரித்து வா என்று. ஆர்தர் கார்ஹார்ட் என்ற அவர் அளந்துவிட்டு, இங்கே எதுவும் கட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். கேட்டார்கள். அதுதான் ஆச்சரியம்.

முக்கியமான விஷயம், கொலராடோவில் வனாந்தரத்துக்குள் போக வழிகாட்டி தேவையில்லை.

விடியலில் ஏறினோம். மிச்சிகன் நுரையீரலுக்கு 10,000 அடி நியாயமே இல்லை. இருபது எட்டு, ஒரு நிறுத்தம். 2002 தீயில் எரிந்த மரங்கள் இன்னும் வெள்ளையாக நிற்கின்றன, அவற்றுக்குக் கீழே இடுப்பளவு புது மரங்கள். அதைத் தாண்டினால் எரியாத ஸ்ப்ரூஸ் காடு. உள்ளே இருட்டு. 30 கெஜத்துக்கு மேல் கண்ணே போகாது. அங்கே நுழைந்ததும் எனக்கு ஏதோ சொந்த அளவில் சட்டை போட்ட மாதிரி இருந்தது. இந்தக் காட்டில் காம்பவுண்டுக்கும் என் வில்லுக்கும் வித்தியாசம் குறைவு. காம்பவுண்டுக்காரருக்கும் தெரிவது அவ்வளவுதான்.

காற்றைப் பார்க்க வாசனையில்லாத மாவு ஒரு டப்பா வைத்திருப்பேன். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் பட்டதும் மேலே ஏறத் தொடங்கும். அந்த மாறுகிற அரை மணி நேரம் மோசமானது, அப்போது அசையக் கூடாது. மாவு என் முகத்தை நோக்கி வரும்படி ஒரு விழுந்த மரத்தின் பின்னால் உட்கார்ந்தோம்.

முதலில் குரல். குட்டியை அழைக்கும் பெட்டை எல்க்கின் குரல் மெல்லிய கீச்சு. அத்தனை பெரிய உடம்பிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாது. பிறகு சுள்ளி முறிகிற சத்தம். மச்சான் என் கையைப் பிடித்து, “மாப்ள, மாடு!” என்றார். மாடுதான், 200 கிலோவுக்கு மேல். பின்னால் குட்டி, அதன் பின்னால் இன்னும் இரண்டு பெட்டைகள். மரங்களுக்கிடையே வந்து, நின்று, காதைத் திருப்பி, போய்விட்டன. போன பிறகு தடத்துக்கு நடந்து அளந்தேன். 14 கெஜம்.

அதில் மூன்று இடங்களில் நாணை இழுத்திருக்கலாம். பெட்டையின் தலை மரத்துக்குப் பின்னால் மறைந்த மூன்று நொடிகள். மச்சான் அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசவில்லை.

ஜூலை எல்க்கை நம்பிச் செப்டம்பரை முடிவு செய்யக் கூடாது, அது எனக்கும் தெரியும். சீசன் திறந்த முதல் வாரத்திலேயே அவை வேறு விலங்குகள். வில்லோடு போகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவரோ இருவரோதான் இறைச்சியோடு திரும்புகிறார்கள். அதில் மரபு வில்காரன் நிச்சயம் கீழ்த்தட்டு. ஆனால் மரம் மாறாது, காற்று மாறாது. செப்டம்பரில் கிடா கத்த ஆரம்பித்தால் கூப்பிட்டால் வருகிற விலங்கும் இதுதான். தொட்டியோரம் காத்திருக்க வேண்டியதில்லை.

மதியம் இடியோடு மழை. நனைந்து இறங்கினோம்.

வெள்ளி, யாம்பா

கொலராடோ, எல்க். கிடாவோ பெட்டையோ எது கிட்டே வந்தாலும் சரி என்கிற டேக். யூனிட் எண்ணை, அதாவது எந்த வேட்டைப் பகுதி என்பதைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் பார்த்து வைத்திருப்பதில் பாயின்ட் இல்லாதவருக்கும் வாய்ப்பு இருக்கிறது. வில் சீசன் செப்டம்பர் முழுக்க ஓடும். நடுவில் ஒன்பது நாள், குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் மஸில்லோடர் துப்பாக்கிக்காரர்கள் குறுக்கே வருகிறார்கள். அது முடிந்த பிறகு, கடைசிப் பத்து நாட்களுக்கு லீவு போடப் போகிறேன். குளிரும் கொஞ்சம் கூடியிருக்கும், இறைச்சிக்கு நல்லது.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்குள் விண்ணப்பம். முடிவு மே கடைசியில் வரும். கிடைக்காவிட்டால் வயோமிங் ப்ராங்ஹார்ன் விண்ணப்பத்துக்கு ஜூன் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. துணிப் பெட்டியை அப்போது சகித்துக்கொள்ளலாம். அதுவும் போனால் ஆகஸ்டில் கொலராடோவின் மீதி டேக்குகள்.

இன்னும் தீராதது சுமை. ஒரு கிடாவிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சியே 200 பவுண்டு வரும். எனக்கு அது நாலு நடை, அந்த உயரத்தில். மச்சான் நேற்றைய எல்க்குக்குப் பிறகும் சுமக்க வர மறுக்கிறார், சமைக்க வருகிறாராம். குதிரையில் இறக்கித் தருகிற உரிமம் பெற்ற ஆட்கள் இந்தப் பக்கம் உண்டு. இரண்டு எண்கள் குறித்து வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் போன் போட வேண்டும்: எந்தப் பாதை வரை வருவார்கள், எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், இரண்டாவது கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் சாலையிலிருந்து இரண்டு மைலுக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும்.